முதல் வகுப்பு டிக்கெட், ஒரு கோணி ஊசி

தருமபுரி
5-7-1985

தம்பி சர்தாருக்கு அண்ணன் அப்துல் சுபான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மா திங்கட்கிழமை சாயங்காலம் மவுத்தாகிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை அத்தாவின் கபருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். நீ வரவில்லை.

தந்தி கிடைத்திருக்கும். அதில் அதிகம் எழுத முடியவில்லை. மற்றதை இதில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு டிரங்க் காலில் பேசும்போதே அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெளியூர்ல யாராவது இருந்தா சொல்லிடுங்க பாய்" என்றார். அதனால்தான் அன்றைக்கே டிக்கெட்டுக்கு ஓடினேன். துபாயிலிருந்து சாதா வகுப்பில் பத்து நாளைக்கு இடமில்லை என்று பெங்களூர் ஏஜென்ட் கையை விரித்தான். முதல் வகுப்பில் ஒரே ஒரு சீட் இருந்தது. விலையை இரண்டு தரம் சொல்லச் சொன்னேன். ஆனாலும் போடு என்றேன். மண்டியில் மூட்டை தூக்கி மேலே வந்தவன் நான். என் தம்பி விமானத்தில் முன்னால் உட்கார்ந்து வரட்டும், பம்பாயில் மாறி பெங்களூரில் முதல் ஆளாக இறங்கட்டும், அம்மாவின் கண் திறந்திருக்கும்போதே வந்து நிற்கட்டும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்து உன் கம்பெனிக்குப் போன் போட்டால் எவனோ எடுத்து, "சர்தார் ஏர்போர்ட்லயே நின்னுட்டான், பிளேன் போயிருச்சு" என்கிறான்.

நான் வியாபாரி. பணம் கட்டிய சரக்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்கத்தான் செய்வேன். குடித்திருந்தாயா? தூங்கிவிட்டாயா? முதலாளி விடவில்லையா? எதுவானாலும் நேராக எழுது. சுற்றி வளைக்காதே.

அம்மா கடைசியில் ரொம்பக் கஷ்டப்படவில்லை. அதைத் தெரிந்துகொள்.

மண்டியை மூன்று நாள் மூடினேன். இன்று திறந்துவிட்டேன். புளி வந்தது, எடை போட்டேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. உன் அண்ணி ஷகிலா சலாம் சொன்னாள்.

அப்துல் சுபான்


துபாய்
19-7-1985

அண்ணனுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

குடிக்கவில்லை. தூங்கவில்லை. முதலாளி தன் காரிலேயே கொண்டுவந்து விட்டார். நேராக எழுதச் சொன்னீங்க, எழுதுகிறேன்.

போன மாதம் அந்த விமானம் குண்டு வெடித்துக் கடலில் விழுந்ததிலிருந்து இங்கே எல்லாமே மாறிவிட்டது. முன்னெல்லாம் முதல் வகுப்புக்காரர்களுக்குத் தனி வாசல், தனி சோபா, கையில் ஜூஸ். என் டிக்கெட்டைப் பார்த்த பெண் என்னை "ஸார்" என்றாள். அவ்வளவுதான். தனி வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்த கொத்தனாருக்கும் கம்பெனி டைரக்டருக்கும் ஒரே வரிசை. எனக்கு முன்னால் ஒரு பம்பாய் சேட், வெள்ளைக் கோட் சூட். ஷூவைக் கழற்றச் சொன்னதும், "எவ்வளவு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கேன் தெரியுமா?" என்று இந்தியில் கத்தினார். சோதிக்கிறவன் கையை நீட்டினான். ஷூவை வாங்கித் தரையில் தட்டிப் பார்த்தான். சேட்டின் சாக்ஸில் கட்டைவிரல் ஓட்டை. இன்னொரு அம்மா பவுடர் டப்பாவைத் தர மாட்டேன் என்று அழுதது. வாங்கி, பவுடருக்குள் பென்சிலை விட்டுக் கிண்டினார்கள். பின்னால் நின்ற கேம்ப் ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா அங்கே மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்த நேரம் நான் இங்கே சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

என் முறை வந்தது. சட்டைப் பையில் கோணி ஊசி இருந்தது. நான் துபாய் புறப்பட்ட அன்று நீங்க பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கொடுத்தீங்களே, அதே ஊசி. இங்கே கிடங்கிலும் எனக்கு மூட்டை தைக்கிற வேலைதான், அது எப்போதும் பையிலேயே கிடக்கும். அதை எடுத்து மேஜைமேல் வைத்தான். கத்தி நீளம் இருக்கிறது, முனை வளைந்திருக்கிறது. "எதுக்கு இது?" என்றான். சாக்கு தைக்க என்றேன். பக்கத்தில் நின்ற மலையாளி அதை அரபியில் சொன்னான். "முதல் வகுப்பில் போகிறவன் எதுக்குச் சாக்கு தைக்கிறான்?" என்று திருப்பிக் கேட்டான். ஊசியை ஒரு டப்பாவில் போட்டான். அதற்குள் கத்தரிக்கோலும் சவரக் கத்தியுமாகக் கிடந்தன.

அப்புறம் மூட்டை. ஒருத்தன் ஊருக்குப் போகிறான் என்று தெரிந்தால் நம் பக்கத்து ஆட்கள் சும்மா விடுவார்களா? ஞாயிறு சாயங்காலமே ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள். அம்மா நிலைமையைச் சொன்னேன். "போகும்போது வீட்டாண்ட குடுத்துடுப்பா, அவ்வளவுதான்" என்றார்கள். அதியமான்கோட்டை மாதையன், கிரேன் வேலை பார்க்கிறவன், துணியில் கட்டின ஒரு பொட்டலம் கொடுத்தான். அவன் அம்மா குள்ளம்மாளிடம் சேர்க்க வேண்டும். யாரிடமும் பிரித்துக் காட்டு என்று நான் கேட்கவில்லை. அமானிதமாக நம்பிக் கொடுத்ததைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கோணியில் போட்டு, நம் மண்டித் தையலாக நெருக்கித் தைத்து, மேலே மையில் ஏ.எஸ். என்று உங்கள் மார்க்கையும் எழுதினேன்.

"நீயே கட்டினாயா?" ஆமாம். "உள்ளே இருப்பது உன்னுடையதா?" இல்லை. "என்ன இருக்கிறது?" தெரியாது. மூன்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். அவன் குனிந்து மூட்டையில் காதை வைத்தான். அப்புறம்தான் எனக்கும் கேட்டது. உள்ளே டிக் டிக் என்று எதுவோ ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் நடந்தது உங்களுக்குப் புரியும். விசில் ஊதினார்கள். சேட் ஒற்றை ஷூவோடு ஓடினார். என்னைச் சுவரோரம் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னார்கள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே மணலில் வைத்து, ஒரு ஆள் படுத்தபடியே தையலை அறுத்தான். மண்டித் தையல் லேசில் பிரியுமா? ரொம்ப நேரம் ஆனது. கடைசியில் பார்த்தால் அலாரம் டைம்பீஸ். குள்ளம்மாள் பூக்கூடையோடு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், தினமும் விட்டுவிடுகிறதாம். அதற்கு செல் போடத் தெரியாது என்று மாதையனே செல் போட்டு, மணி சரிபார்த்து, ஓட விட்டுக் கட்டியிருக்கிறான்.

என்னை விட்டுவிட்டார்கள். "நீ ஏறலாம், சாமான் ஏறாது" என்றார்கள். ஐந்து வீட்டுச் சாமான் மணலில் இறைந்து கிடந்தது. புடவை, சோப்பு, ஒரு குழந்தைச் சட்டை. கூட்டி அள்ளுகிறவன் வாளியோடு வந்து நின்றான். எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து, வெளியே முதலாளி காரில் ஏற்றி, ஆள் ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். கதவைச் சாத்திவிட்டார்கள்.

முதல் வகுப்பில் அடுத்த சீட் வியாழக்கிழமைதான் என்றார்கள். செவ்வாய்க்கிழமையே உங்கள் தந்தி வந்துவிட்டது.

சர்தார்


தருமபுரி
3-8-1985

சர்தாருக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். ஷகிலாவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஆக, ஒரு டைம்பீஸுக்கும் நாலு சோப்புக்கும் அம்மா முகத்தை விட்டுவிட்டாய்.

அமானிதம் என்ன என்று எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். மணலில் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு ஏறியிருந்தால், அந்த ஐந்து வீட்டுக்கும் நானே போய், என் தம்பி தொலைத்துவிட்டான், என்ன ஆகிறதோ வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஒருத்தரும் வாங்கியிருக்க மாட்டார்கள். "அம்மாவுக்கு முடியாத நேரத்துல இதெல்லாம் ஒரு பேச்சா பாய்" என்றிருப்பார்கள். இது உனக்குத் தெரியாதா? திரும்பக் கிடைக்கிறது எது, கிடைக்காதது எது என்று எடை போடத் தெரியாதவனுக்கு மண்டியில் ஏன் வேலை பழக்கினேன் என்று இருக்கிறது.

சரி, நின்றுவிட்டாய். வியாழக்கிழமையாவது வந்திருக்கலாமே. ஏன் வரவில்லை? அம்மாவுக்கு ஃபாத்திஹா ஓத வந்தவர்கள் எல்லாரும் "சின்னவன் எங்க?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

ஊரில் எப்படியோ விஷயம் பரவிவிட்டது. எவன் எழுதினானோ. டீக்கடை மாரப்பன், "என்னாங்க பாய், சின்னவரு குண்டு வெச்சிருந்தாருன்னு சொல்றாங்க, மெய்யாவா?" என்கிறான். மூட்டை இறக்கும் முனியப்பன் ஒவ்வொரு மூட்டையிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதுல சத்தமில்ல மொதலாளி, எறக்கட்டுங்களா?" என்று நடிக்கிறான். மற்ற ஆட்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இறக்கு என்றேன்.

டிசம்பரில் உனக்கு லீவு என்று சொல்லியிருந்தாய். வருகிறாயா, இல்லையா? அதை எழுது.

அப்துல் சுபான்


துபாய்
20-8-1985

அண்ணனுக்கு,

வியாழக்கிழமை எதைப் பார்க்க வர வேண்டும்? மண்ணையா?

ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை டிரங்க் காலில் கடைசியாக என்ன சொன்னீங்க என்று நினைவிருக்கிறதா? "பதறாம வா. மொத வகுப்புக்காரனை வுட்டுட்டு எந்த வண்டியும் கெளம்பாது." லைன் கரகரவென்று இருந்தாலும் இது தெளிவாகக் கேட்டது. மணலில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது இதுதான் என் காதில் இருந்தது. பெங்களூர் பஸ் கண்டக்டர் நீங்க டீ குடித்து முடிக்கிறவரை விசில் ஊத மாட்டான், டிரைவர் இறங்கி வந்து உங்களுக்கு சலாம் வைப்பான். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பணம் கட்டினவனுக்கு வண்டி நிற்கும் என்று நம்பினேன். நிற்கவில்லை. சேட்டுக்கும் நிற்கவில்லை, அவரும் ஒரு ஷூவைத் தேடிக்கொண்டே நின்றுவிட்டார்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீங்க கேட்டதால் சொல்கிறேன்.

டிசம்பரில் வரவில்லை. லீவு எடுத்து என்ன செய்ய? அம்மா வூட்டில் என் பங்கை விற்றுவிடுங்கள். அல்லது நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எதில் கையெழுத்துப் போட வேண்டுமோ அதை அனுப்புங்கள், போட்டு அனுப்புகிறேன். இங்கே ஆள் இருக்கிறது, வேலை இருக்கிறது. இப்படியே இருந்துவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் வேண்டும். நீங்க பக்கத்தில் இருந்தீங்க, நான் இல்லை. அம்மா கடைசியில் என்ன சொன்னார்கள்? கஷ்டப்படவில்லை என்று எழுதியிருந்தீங்க. அது போதாது. ஏதாவது சொல்லியிருப்பார்கள். அதை எழுதுங்கள். அப்புறம் நான் உங்களை எதுவும் கேட்க மாட்டேன்.

சர்தார்


தருமபுரி
6-9-1985

சர்தாருக்கு,

நான் பக்கத்தில் இல்லை.

இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. உன்னைக் கேள்வி கேட்கிறபோது அது என் கைக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை அம்மா கஞ்சி குடித்தார்கள். கொஞ்சம் தெளிவாகத்தான் இருந்தார்கள். உன்னைக் கூட்டிவர பக்கத்து வீட்டு மாப்பிள்ளை சாயபுவின் காரை ஓட்டுநரோடு அனுப்பியிருக்கலாம். ஷகிலாவும் அதையே சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. முதல் வகுப்பில் வருகிற தம்பியை நானே உள்ளே போய்க் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும் என்று இருந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அந்த ஆசைதான், வேறு ஒன்றுமில்லை.

பெங்களூர் ஏர்போர்ட்டில் முன்னெல்லாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்கலாம். இப்போது ரோட்டிலேயே கயிறு கட்டியிருக்கிறார்கள். துப்பாக்கியோடு ஒருத்தன், "பாஸ் இல்லா ஸ்வாமி, ஹிந்தே ஹோகி" என்று பின்னால் விரட்டினான். கன்னடத்திலேயே கெஞ்சினேன். தம்பி வருகிறான், அம்மாவுக்கு முடியவில்லை, அவன் விமானத்தில் இருக்கிறானா இல்லையா என்று மட்டும் பார்த்துச் சொல், இல்லையென்றால் நான் திரும்பிப் போகிறேன் என்றேன். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று வெளியே சொல்லக் கூடாதாம். புதுச் சட்டமாம். கவுன்டரில் இருந்த பெண்ணும் கம்பிக்கு அப்பாலிருந்து அதையே சொன்னாள். முதல் வகுப்பு டிக்கெட் என்றேன். எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாள்.

பம்பாய் விமானம் வந்தது. நீ இல்லை. பம்பாயில் பெட்டியை அடையாளம் காட்டச் சொல்லி எல்லோரையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், தாமதமாகும் என்றார்கள். அதனால் நின்றேன். அடுத்த விமானத்தில் இருப்பாய் என்று அதற்கும் நின்றேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த நேரத்தில்தான் இங்கே முடிந்துவிட்டது. நான் வூடு வந்து சேரும்போது அம்மாவைக் கிடத்தி, முகத்தை மூடியிருந்தார்கள்.

உன் பெயர் லிஸ்டில் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நேரத்துக்குத் திரும்பியிருப்பேன். சொல்லவில்லை. அவர்கள் வேலை அது. எனக்கு அவர்கள்மேலும் கோபமில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

பக்கத்தில் இருந்தது ஷகிலாதான். உன் கடிதம் வந்த பிறகுதான் நானே அவளிடம் கேட்டேன். இத்தனை நாள் கேட்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தாள். "சுபான் எங்க?" என்றார்கள். "சின்னவரைக் கூட்டியாரப் போயிருக்காரு மாமி" என்றாள். அப்புறம், "ரெண்டு பேரும் பசியோட வருவானுங்க. சோத்த எடுத்து மூடி வெய்யி" என்றார்கள். ஷகிலா அடுப்படிக்குப் போய் எடுத்து வைத்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் முடிந்திருந்தது. அந்த நேரத்தில் அவளும் பக்கத்தில் இல்லை. அதனால்தான் அன்றைக்கு எழுந்து உள்ளே போனாள் போலிருக்கிறது.

மறுநாள் யாரோ அந்தச் சோற்றை எடுத்து வாசலில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

வண்டி நிற்கும் என்று நான் சொன்னது நிஜம்தான். நானும் அப்படியே நம்பினேன்.

வூட்டை விற்க மாட்டேன். எந்தக் காகிதமும் அனுப்பவில்லை. உனக்கு வேண்டியதை எழுது. இனிமேல் நாம் பேச வேண்டியது அதுதான்.

அப்துல் சுபான்


துபாய்
25-9-1985

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணிக்கு என் சலாம். அது ஒன்றும் தப்பு செய்யவில்லை என்று சொல்லுங்கள். அம்மா சொன்னதைத்தான் செய்தது.

அன்றிலிருந்து எனக்கும் எதுவும் தோன்றவில்லை. அழுகைகூட வரவில்லை. கிடங்கில் மூட்டை தைக்கிறேன். முதலாளி புது ஊசி வாங்கித் தந்தார். நேராக இருக்கிறது, நம்முடையது மாதிரி வளைவு இல்லை.

மாதையன் அந்த டைம்பீஸை என் அறையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். "இத என் கண்ணுல காட்டாத சர்தார், உடச்சுப் போட்ரு" என்றான். அவனை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன்தான் என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான். உடைக்கவில்லை. செல்லை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் வருகிறேன். ஆனால் சில விஷயங்களைப் பேசிக்கொள்ள வேண்டும். முதல் வகுப்பு வேண்டாம். என் டிக்கெட்டை நான் போட்டுக்கொள்கிறேன். மற்றவர்கள் சாமான் கொடுத்தால் கொண்டுவருவேன், அதற்கு நீங்க ஒன்றும் சொல்லக் கூடாது. குள்ளம்மாளிடம் டைம்பீஸை நான்தான் கொடுப்பேன். ஏர்போர்ட்டுக்கு நீங்க வரக் கூடாது. இதற்கெல்லாம் சரி என்றால் எழுதுங்கள்.

சர்தார்


தருமபுரி
11-10-1985

தம்பி சர்தாருக்கு,

நேற்று அதியமான்கோட்டைக்குப் போனேன். குள்ளம்மாளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் பூக்கூடையை இறக்கிவிட்டு, "எம் மவன் கெடியாரத்தாலதான் உங்க தம்பி வர முடியலீங்களாமே பாய். எனக்கு அது வேணாங்க. எழுதிப் போட்டுடுங்க" என்றது. "கெடியாரத்தால இல்லம்மா" என்றேன். வேறு எதனால் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "வந்தா வாங்கிக்கணும்" என்றேன். கடைசியில் தலையாட்டியது. முதல் பஸ்ஸை இன்னமும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறதாம்.

நீ சொன்னதற்கெல்லாம் சம்மதம். என் பக்கமும் சில இருக்கின்றன. அதையும் சேர்த்து எழுதுகிறேன். இதுதான் முடிவு, இதற்கு மேல் பேச்சு இல்லை.

சாதா வகுப்பு, உன் செலவு. யார் சாமான் கொடுத்தாலும் உன் கண்முன்னால் பிரித்துக் காட்டித்தான் கொடுக்க வேண்டும். இங்கே அந்த ஐந்து வீட்டிலும் சொல்லிவிட்டேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மூட்டை தைக்கக் கூடாது, கயிறு போட்டுக் கட்டினால் போதும். செல்லைத் தனியாகக் கொண்டுவா. ஊசி கொண்டுவராதே, இங்கே இருக்கிறது. டைம்பீஸை நீயே கொண்டுபோய்க் கொடு. பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வா, எந்த பஸ் கிடைக்கிறதோ அதில் வா, கண்டக்டரிடம் என் பெயரைச் சொல்லாதே. அம்மா வூடு பிரிக்கப்படாது, விற்கப்படாது, சாவி ஷகிலாவிடம் இருக்கும். நான் ஏர்போர்ட்டுக்கும் வர மாட்டேன், பஸ் ஸ்டாண்டுக்கும் வர மாட்டேன். எவ்வளவு தாமதமானாலும் வூட்டிலேயே இருப்பேன். ரெண்டு பேருக்கும் சோறு எடுத்து மூடி வைக்கப்படும்.

அப்துல் சுபான்